'செத்த ரவை' என்று ஒன்றில்லை: காணியில் பழைய வெடிபொருள் கண்டால் என்ன செய்வது? ஒரு முழுமையான வழிகாட்டி

மாரி மழை ஓய்ந்த பிறகு காணிக்குள் இறங்கினால், மண் முன்பு காட்டாத சிலவற்றைக் காட்டும். வேலிக்கரையில், பழைய பங்கர் இருந்த மேட்டில், வடலி அடியில் விரல் நீளத்துக்கு ஒன்று பச்சைக் களிம்பு பூத்துக் கிடக்கும். எங்கள் வளவிலும் அப்படி ஒன்று கிடந்தது. கூலிக்கு வந்த ஐயா அதை மண்வெட்டி முனையால் ஓரமாக ஒதுக்கினார். "உது செத்த ரவை தம்பி, ஒண்டும் செய்யாது" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலாகத்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். வலிகாமம் வடக்கில் 1990இல் விட்டுப்போன காணிக்குப் பல வருடம் கழித்துத் திரும்பியவர்கள், எழுதுமட்டுவாளிலும் கிளாலியிலும் தென்னை வைப்பவர்கள், நாகர்கோவில் மணலில் வீடு கட்டுபவர்கள், பழைய இரும்பு சேர்ப்பவர்கள், பிள்ளை வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் இது உதவும். வெடிபொருள் பற்றி ஒன்றும் தெரியாதவர் என்று எண்ணியே தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

## 1. முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம்

நாங்கள் பொதுவாக 'ரவை' என்று சொல்வது நான்கு பொருள்கள் சேர்ந்த ஒன்று.

சன்னம்: முன்னால் கூராக இருக்கும் உலோகத் துண்டு. பறந்துபோவது இதுதான்.

கோது: பித்தளையிலோ இரும்பிலோ செய்த கூடு. சுட்டபின் துவக்கிலிருந்து வெளியே விழுவது. வெற்றுக்கோதின் வாய் திறந்திருக்கும்.

மருந்து: கோதுக்குள் இருக்கும் எரிபொருள். வெடித்துச் சிதறுவது இதன் வேலை அல்ல. மிக விரைவாக எரிந்து வாயுவாக மாறிச் சன்னத்தைத் தள்ளுவதே இதன் வேலை.

கேப்: கோதின் அடியில் நடுவில் இருக்கும் சிறு வட்டம். அடிபட்டால் பொறி கக்கி மருந்தைப் பற்றவைக்கும். நான்கிலும் கூச்சம் கூடியது இதுதான்.

கேப்பில் அடிபட்ட பள்ளம் இருந்தால் ரவை சுடப்பட்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். சுடப்பட்டும் வெடிக்காமல் போன ரவையிலும் அதே பள்ளம் இருக்கும். சன்னம் கோதிலேயே இருக்குமானால் உள்ளே மருந்தும் இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

## 2. சன்னத்துக்கு வேகம் எங்கிருந்து வருகிறது?

ஏகே ரகத் துவக்கின் 7.62 மில்லிமீற்றர் சன்னம் குழலை விட்டு வெளியேறும்போது அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 715 மீற்றர். ஒலியோ வினாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர்தான் போகும். ஆகவே சன்னம் வந்து சேர்ந்த பிறகே சத்தம் வரும். போர்க்காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இந்த வேகம் மருந்தில் மட்டும் இருப்பதாக நினைப்பதுதான் முதல் தவறு. மருந்தின் வகை, அதன் அளவு, சன்னத்தின் எடை, குழலின் நீளம், கோதுக்குள் இருக்கும் இடைவெளி எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் அந்த வேகம் வரும்.

அடுப்பை நினைத்துப் பாருங்கள். பன்னாடை ஒரே மூச்சில் எரிந்து முடியும். புளியங்கட்டை நின்று எரியும். இரண்டும் விறகுதான், ஆனால் பால் காய்ச்சவும் நெல் அவிக்கவும் ஒரே விறகை யாரும் வைப்பதில்லை. துவக்கு மருந்திலும் அதே கதைதான். கைத்துப்பாக்கியின் குழல் குறுகியது. சன்னம் அதற்குள் இருக்கும் நேரம் மிகக் குறைவு என்பதால், அதற்குப் பன்னாடை போல் எரியும் மருந்து வேண்டும். நீண்ட குழலும் பாரமான சன்னமும் உள்ள துவக்குக்கு நின்று எரியும் மருந்து வேண்டும். மருந்து மணிகளின் பருமன், வடிவம், மேற்பூச்சு ஆகியவற்றை மாற்றித் தொழிற்சாலைகள் இந்த எரிவேகத்தைக் கட்டுப்படுத்துகின்றன.

பார்வைக்கு இரண்டுமே கறுத்த எள்ளுப் போலத்தான் இருக்கும். கண்ணால் பார்த்தோ விரலால் நசித்தோ எது எது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. நின்று எரியவேண்டிய இடத்தில் விரைவாக எரியும் மருந்தைப் போட்டால், சன்னம் நகரத் தொடங்குமுன்பே அமுக்கம் உச்சத்துக்கு ஏறிவிடும். சரியாகப் பொருந்திய ஏகே ரவைக்குள்ளேயே வளிமண்டல அமுக்கத்தைப் போல மூவாயிரம் மடங்குக்கு மேல் எழுகிறது. அதற்கும் மேலே போனால் குழலும் அடிப்பகுதியும் பிளந்து, சுட்டவரின் முகத்துக்கு நேரே வரும். மாறாக, வலுவில்லாத மருந்தானால் சன்னம் குழலின் பாதியில் இறுகி நின்றுவிடும். அடுத்த ரவை அதன் முதுகில் மோதும்போது குழல் வெடிக்கும்.

இன்னொரு குணத்தையும் மனத்தில் வையுங்கள். இந்த மருந்து திறந்த வெளியில் சுவாலை விட்டு எரிந்து முடிந்துவிடும். அடைபட்ட இடத்தில் அமுக்கம் ஏற ஏற எரிவேகமும் ஏறும். எரிவேகம் ஏறினால் அமுக்கம் இன்னும் ஏறும். திறந்த வெளியில் கொளுத்திப் பார்த்து "பயப்பட ஒன்றும் இல்லை" என்று முடிவு கட்டியவர்கள், அதை ஒரு குழாய்க்குள் அடைத்தபோது விரல்களை இழந்தார்கள்.

## 3. வருடங்கள் மருந்தை என்ன செய்கின்றன?

பிரான்ஸ் நாட்டு இரசாயனவியலாளர் போல் வியே 1884இல் புகையற்ற மருந்தை உருவாக்கினார். அதன் அடிப்படை நைத்திரோசெலுலோசு என்னும் பொருள். இன்றைய ரவைகளுக்குள் இருப்பதும் பெரும்பாலும் இந்தக் குடும்பத்து மருந்துதான்.

நைத்திரோசெலுலோசு சும்மா வைத்தாலும் மெல்ல மெல்ல உடையும். உடையும்போது அமில வாயுக்கள் கிளம்பும். அந்த வாயுக்கள் மீதி மருந்தை இன்னும் வேகமாக உடைக்கும். இதைத் தடுக்க, டைபீனைலமீன் போன்ற ஒரு நிலைப்படுத்தியைத் தொழிற்சாலை சிறிதளவு சேர்த்துவிடும். அது அமில வாயுக்களைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் நிலைப்படுத்தியும் செலவாகும் பொருள்தான். அது தீர்ந்த பிறகு மருந்துக்குக் காவல் இல்லை.

வெப்பம் இதை விரைவாக்கும். பத்துப் பாகை கூடினால் இரசாயன மாற்றத்தின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொதுவான கணக்கு. குளிர் நாட்டில் இரும்புப் பெட்டிக்குள் உலர்வாக வைத்த ரவைக்கும், சித்திரை வெயிலில் கொதிக்கும் செம்பாட்டு மண்ணில் முப்பது வருடம் புதைந்து கிடந்த ரவைக்கும் ஒரே ஆயுள் இருக்க முடியாது. மருந்து மணிகள் விரிசல் விட்டுத் தூளாகியிருக்கலாம். தூளானால் எரியும் பரப்புக் கூடி, எரிவேகமும் கூடும். ஈரம் புகுந்து சில மணிகள் நமுத்திருக்கலாம். கேப்பின் கூச்சம் குறைந்திருக்கலாம், குறையாமலும் இருக்கலாம்.

மருந்து கெடுவதன் விலையை உலகம் பெரிய அளவில் பார்த்திருக்கிறது. பிரான்ஸின் தூலோன் துறைமுகத்தில் 1907இல் 'இயேனா', 1911இல் 'லிபேர்த்தே' என்னும் போர்க்கப்பல்கள் நின்ற இடத்திலேயே வெடித்து, நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். கப்பலுக்குள் இருந்த மருந்து கெட்டுப்போயிருந்ததே காரணம் என்று சொல்லப்பட்டது. சுடாமல், தொடாமல் வைத்திருந்த மருந்துதான் அது.

அதனால்தான் 'செத்த ரவை' என்று ஒன்றில்லை என்கிறேன். உள்ளதெல்லாம் குணம் தெரியாத ரவைதான். புதிய ரவை எப்படி நடக்கும் என்பது தொழிற்சாலைக்குத் தெரியும். பழைய ரவை எப்படி நடக்கும் என்று அதைச் செய்தவர்களாலும் சொல்ல முடியாது.

## 4. காதில் விழும் தவறான நம்பிக்கைகள்

"துவக்கு இல்லாமல் ரவை ஒன்றும் செய்யாது." நெருப்பில் விழுந்தால் வெடிக்கும். குழல் இல்லாததால் சன்னம் வேகம் எடுக்காது என்பது உண்மை. ஆனால் கோது கிழிந்து பித்தளைச் சில்லும் கேப்பும் பறக்கும். ஒரு கண்ணைப் பறிக்க அது போதும்.

"கல்லில் அடித்து மருந்தை எடுத்தால் பொங்கலுக்கு வெடி செய்யலாம்." அடிபட்டால் பற்றுவதற்கென்றே செய்யப்பட்டது கேப். கல்லில் அடிப்பவர் துவக்கின் வேலையைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறார்.

"இது கொஞ்சம் பெரிய ரவை, அவ்வளவுதான்." மிக ஆபத்தான நம்பிக்கை இதுதான். 40 மில்லிமீற்றர் எறிகுண்டு பார்வைக்குத் தடித்த ரவை போலவே இருக்கும். சுடப்பட்டு வெடிக்காமல் விழுந்திருந்தால், உருட்டினாலே வெடிக்கக்கூடும். பெரிய கனரகத் துவக்குகளின் சன்னத்துக்குள்ளும் வெடிமருந்தோ தீமருந்தோ இருக்கலாம்.

"கிணற்றுக்குள் போட்டால் தொல்லை விட்டது." தண்ணீர் வெடிபொருளைக் கொல்வதில்லை. அடுத்த முறை கிணறு இறைத்துத் தூர் எடுக்கிறவரின் காலடிக்கு அது போய்ச் சேருகிறது.

"பித்தளைக்கு நல்ல விலை." உங்கள் கையின் விலைக்கு எந்தத் தராசும் இல்லை.

## 5. கண்டவுடன் செய்யவேண்டியவை: ஏழு படிகள்

படி 1: நில்லுங்கள். கையில் உள்ள மண்வெட்டியையோ அலவாங்கையோ மெதுவாகக் கீழே வையுங்கள். எறியவேண்டாம். உழவு இயந்திரமோ ஜேசிபியோ ஓடினால் கைகாட்டி நிறுத்துங்கள்.

படி 2: தொடாதீர்கள். தடியால் தள்ளுவதும், கல்லெறிவதும், மண் தட்டிப் பார்ப்பதும் தொடுவதுதான்.

படி 3: சுற்றிப் பாருங்கள். ஒரு ரவை கிடந்த இடத்தில் வேறு என்னவும் இருக்கலாம். முன்னரங்கம் இருந்த இடமானால் மிதிவெடியையும் நினைக்கவேண்டும். மரப்பெட்டியில் செய்த 'ஜொனி' மிதிவெடியின் பலகை உக்கியிருந்தாலும் உள்ளே இருப்பது உக்கியிராது.

படி 4: வந்த வழியே திரும்புங்கள். உங்கள் கால் தடத்திலேயே கால் வைத்து வாருங்கள். குறுக்குவழி வேண்டாம். மிதிவெடி என்று ஐயம் வந்து தடம் தெரியாவிட்டால், நின்ற இடத்திலேயே நின்று உதவிக்குக் கூப்பிடுங்கள்.

படி 5: அடையாளம் வையுங்கள். பொருளுக்குப் பக்கத்தில் அல்ல, பாதுகாப்பான தூரத்தில், நீங்கள் நடந்து வந்த பாதையில் வையுங்கள். ஒரு கிளையை நட்டுச் சிவப்புத் துணி கட்டினால் போதும். பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் அப்பால் கொண்டுபோங்கள்.

படி 6: அறிவியுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119. கிராம அலுவலரிடமும் சொல்லலாம். பக்கத்தில் கண்ணிவெடி அகற்றுபவர்கள் வேலை செய்தால் அவர்களிடமும் சொல்லலாம். எந்த ஊர், எந்த ஒழுங்கை, எதற்குப் பக்கத்தில், என்ன வடிவம், எவ்வளவு நீளம், எத்தனை என்று சொல்லுங்கள். தொலைபேசியில் படம் எடுப்பதானால் நின்ற இடத்திலிருந்தே எடுங்கள். படத்துக்காக ஓர் அடிகூட முன்னே போகவேண்டாம்.

படி 7: காத்திருங்கள். பொலிஸார் நீதிமன்ற அனுமதி பெற்று, விசேட அதிரடிப்படையின் அல்லது இராணுவத்தின் செயலிழக்கச் செய்யும் பிரிவை அழைப்பதே வழக்கம். ஒன்றிரண்டு நாள் ஆகலாம். அதுவரை அந்த இடத்தில் யாரையும் விடாதீர்கள்.

அறிவித்தால் விசாரணை, வாக்குமூலம், வீண் அலைச்சல் என்ற பயம் எங்கள் ஊர்களில் இருக்கிறது. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கும் தெரியும். தனியாகப் போகாமல் அயலவர் ஒருவரையும் கிராம அலுவலரையும் சேர்த்துக்கொண்டு சொல்லுங்கள். கண்ட நேரத்தையும் சொன்ன நேரத்தையும் எழுதி வையுங்கள். கண்டதை மறைத்து வைத்திருப்பதுதான் சட்டத்தின் முன் பிழை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் அனுமதியின்றி இவற்றை வைத்திருப்பதைத் தடைசெய்கின்றன.

## 6. காணியில் வேலை தொடங்குமுன்

அயலைக் கேளுங்கள். இந்தக் காணியில் காவலரண் இருந்ததா, மண் அணை போனதா, எறிகணை விழுந்ததா என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். முகமாலையும் கிளாலியும் நாகர்கோவிலும் 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு வருடக்கணக்கில் முன்னரங்கமாக இருந்த இடங்கள்.

விடுவிக்கப்பட்ட காணியா என்று உறுதிப்படுத்துங்கள். கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட காணியா என்பதைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைக்கும் சிவப்புத் தடிக்கும் அப்பால் விறகுக்கும் போகவேண்டாம், ஆட்டை மறிக்கவும் போகவேண்டாம்.

குப்பை கொளுத்தும் இடத்தைத் தெரிந்தெடுங்கள். பழைய பங்கர் குழியில் குப்பை கொட்டிக் கொளுத்துவது இங்கே வழக்கம். அந்தக் குழிக்குள்தான் ரவைகளும் கைக்குண்டுகளும் கிடக்க வாய்ப்புக் கூட. பற்றைக்கும் தீ வைக்காதீர்கள், வெட்டித் துப்புரவாக்குங்கள்.

கிணறு, மலசலகூடக் குழி, அத்திவாரம். கைவிட்ட கிணறுகளுக்குள் ஆயுதங்களைப் போட்டுவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். தூர் எடுக்குமுன் கேட்டறியுங்கள். உலோகம் தட்டுப்பட்டால் வேலையை நிறுத்துங்கள்.

## 7. ஏற்கெனவே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால்

மேசையில் அழகுக்கு, திறப்புக்கோர்வையில், பிள்ளையின் பெட்டிக்குள் என்று எத்தனையோ வீடுகளில் இவை இருக்கின்றன. குற்றம் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள். அதை மறுபடி தூக்கி வெளியே கொண்டுபோகவும் வேண்டாம். கதவைச் சாத்தி, எல்லோரையும் அப்பால் கூட்டிக்கொண்டுபோய், 119க்குச் சொல்லுங்கள். பொலிஸ் நிலையத்துக்குப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகவே கூடாது.

## 8. உரிமம் பெற்ற துவக்கு வைத்திருப்போருக்கு

பன்றியிடமிருந்து பயிரைக் காக்க உரிமத்துடன் 12 போர் துவக்கு வைத்திருக்கும் விவசாயிகளுக்குத் தனியாக ஒரு சொல். தோட்டா விலை கூடிவிட்டது என்பது தெரிந்ததே. அதற்காக வெற்றுக்கோதில் பழைய ரவையின் மருந்தைக் கொட்டி நிரப்பும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இரண்டாம் பகுதியில் சொன்னதுதான் காரணம். ஏகே போன்ற துவக்கு ரவையின் மருந்தும் 12 போர் மருந்தும் வேறு வேறு எரிவேகம் உடையவை. அதிலும் முப்பது வருடம் மண்ணில் கிடந்த மருந்துக்கு எரிவேகம் என்ன என்று ஒரு புத்தகமும் சொல்லாது. அனுமதிபெற்ற இடத்தில் வாங்கிய, ஈரம்படாத தோட்டாவை மட்டும் பாவியுங்கள்.

சுடும்போது வழமைக்கு மாறாக 'பொத்' என்று மெலிந்த சத்தம் கேட்டால் அடுத்த தோட்டாவைப் போடாதீர்கள். குழலுக்குள் ஏதோ அடைபட்டிருக்கலாம். விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால் உடனே திறக்காதீர்கள். ஆளில்லாத பக்கம் குழலை நீட்டியபடி குறைந்தது ஒரு நிமிடம் பொறுங்கள். ஈரம்பட்ட தோட்டா பிந்தி வெடிப்பது உண்டு.

## 9. பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

போரைக் காணாத பிள்ளைகளுக்கு இது பளபளக்கும் விளையாட்டுப் பொருள். பயமுறுத்தினால் ஒளித்து வைப்பார்கள். ஆகவே மூன்று சொல்லைப் பழக்குங்கள்: "பார்த்தேன், தொடவில்லை, வந்து சொன்னேன்." வந்து சொன்ன பிள்ளையை அயலவர் முன் பாராட்டுங்கள். "ஏன் அங்கே போனாய்?" என்று அன்று அடித்தால், அடுத்த முறை அந்தப் பிள்ளை சொல்லாது.

## 10. காயம் பட்டால்

1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை உடனே அழையுங்கள். இரத்தம் ஓடும் இடத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். கண்ணில் பட்டிருந்தால் கசக்கவோ சில்லை எடுக்கவோ வேண்டாம், அழுத்தம் படாமல் மூடிக் கொண்டுபோங்கள். மிதிவெடியில் ஒருவர் விழுந்திருந்தால் ஓடிப்போய்த் தூக்காதீர்கள். பக்கத்தில் இரண்டாவது இருக்கலாம். அவரை அசையாமல் இருக்கச் சொல்லிக்கொண்டே உதவியைக் கூப்பிடுங்கள்.

## முடிவாக

ஹலோ ட்ரஸ்ட் 2002 முதல் இந்த மண்ணில் கண்ணிவெடி அகற்றி வருகிறது. மாக், டாஷ், ஷார்ப் ஆகிய அமைப்புகளும் வடக்கில் உழைத்தன. அந்த வேலையில் எங்கள் பெண்கள் பலர், போரில் கணவரை இழந்தவர்களும் உட்பட, தகிக்கும் வெயிலில் முழங்காலிட்டு, முகக்கவசத்துக்குள் வியர்வை வழிய, மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டினார்கள். பயிற்சியும் கருவியும் காப்பங்கியும் உள்ள அவர்களே ஒரு சந்தேகப் பொருளைக் கண்டால் கையை எடுத்துவிட்டு மேற்பார்வையாளரைக் கூப்பிடுகிறார்கள். இலங்கை 2017 டிசெம்பரில் மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி மிதிவெடிகளை அகற்றி முடிக்க 2028 ஜூன் வரை காலம் இருக்கிறது. மிதிவெடிக் கணக்கு முடிந்தாலும், தனித்தனியாய்ச் சிதறிக் கிடக்கும் ரவைகளின் கணக்கு ஒரு மாரியில் முடியாது.

எங்கள் வளவில் கிடந்ததைப் பிறகு வந்து எடுத்துப்போனார்கள். அதுவரை அந்த இடத்தைச் சுற்றி நாங்கள் கயிறு கட்டி வைத்திருந்தோம். அந்த ஐயாதான் சிவப்புத் துணி தேடிக் கொண்டுவந்து கட்டினார்.

உங்கள் காணியிலும் நாளை ஒன்று கிடக்கலாம். அது உயிரோடு இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் பொறுப்பு உங்களுடையது அல்ல. நில்லுங்கள், தொடாதீர்கள், சொல்லுங்கள்.